பையன்களோடு பந்து விளையாடட்டுமா என்று கேட்ட தங்கைக்கு

நெதர்லாந்துக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, ஸ்வோல்லே பக்கம் வீடு, எட்டு வயது மகள் கால்பந்துக்குப் போயே தீருவேன் என்று அடம்பிடிக்கிறாள், உள்ளூர் மன்றத்தில் அவள் வயதுக்குப் பெண்கள் அணி இல்லை, பையன்களோடு சேர்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள், விடலாமா, படிப்பு கெட்டுவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். விடுங்கள். அடுத்த வாரமே கொண்டுபோய் விடுங்கள்.

நான் ட்ரெந்தே மாகாணத்துக்கு வந்து 17 ஆண்டுகள் ஆகின்றன. என் மகளையும் இதே வயதில், இதே தயக்கத்தோடுதான் அழைத்துப்போனேன். ஏழு பையன்கள், நடுவில் எண்ணெய் வைத்துப் பின்னிய சடையோடு இவள். முட்டி பெயர்ந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்று மாமியார் ஊரிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். களத்தோரம் பேரனைப் பார்க்க வந்திருந்த ஒரு பாட்டி என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். பக்கத்து ஊர் ஹோகவேனில் ஒரு பெண் இப்படித்தான் பையன்களோடு ஆடி வளர்ந்தாள், அவள் இன்று நாட்டு அணியின் முன்கள ஆட்டக்காரி என்றார். அந்தப் பெண்தான் விவியன்னே மீடெமா. அன்று எனக்கு அந்தப் பெயரே தெரியாது.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1996இல் ஹோகவேனில் பிறந்தவர். உள்ளூர் மன்றங்களில் பையன்களோடு ஆடிவிட்டு ஹேரன்வேன் அணிக்குப் போனவர், 15 வயதிலேயே பெண்கள் முதல்நிலை லீக்கில் களம் இறங்கினார். 17 வயதில் நாட்டு அணி. அதற்கு முன் நெதர்லாந்துப் பெண்கள் உலகக் கோப்பையில் ஆடியதே இல்லை. 2014இல் தகுதிச் சுற்றின் கடைசிப் படியில் இத்தாலியோடு இரண்டு ஆட்டம். நெதர்லாந்து அடித்தது மொத்தம் மூன்று கோல், மூன்றும் இவருடையவை. பதினெட்டே வயதான ஒரு பெண் ஒரு நாட்டையே முதல் உலகக் கோப்பைக்குக் கூட்டிப்போயிருக்கிறாள்! அதைப் படித்த இரவு என் பயம் பாதி குறைந்தது.

மீதிப் பயத்தை 2017 ஆகஸ்ட் 6 தீர்த்துவைத்தது. ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம், என்ஸ்கெடே நகரில், டென்மார்க்கோடு. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஆரஞ்சுத் தோரணம். அதுவரை ஆண்கள் அணிக்குத்தான் அப்படிக் கட்டிப் பார்த்திருந்தேன். டென்மார்க் பெனால்டியில் முந்திக்கொண்டது. பத்தாவது நிமிடத்தில் மீடெமா சமன் செய்தார். 2-2 ஆகி, 3-2 ஆகி, முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது நான்காவது கோலும் அவரே. என் மகள் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினாள். அவரோ கோல் அடித்த பிறகும் பெரிதாகத் துள்ளிக் குதிக்கிற ஆள் இல்லை. வேலையை முடித்தவர் போலத் திரும்பி நடப்பார். அந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். இந்த வடக்குப் பகுதி மனிதர்களின் சுபாவமும் அதுதான், போகப்போகப் பார்ப்பீர்கள்.

படிப்பைப் பற்றி: வாரத்தில் இரண்டு மாலைப் பயிற்சி, சனிக்கிழமை காலை ஓர் ஆட்டம், அவ்வளவுதான். அதனால் என் மகளின் மதிப்பெண் குறையவில்லை. டச்சு மொழி வாய்க்கு வந்தது பள்ளியைவிடக் களத்தில்தான் வேகமாக வந்தது என்று உறுதியாகச் சொல்வேன். நிஜமாகவே திறமை பெரிதாக இருந்தால், பயிற்சிக்கு ஏற்றபடி பாட நேரத்தை மாற்றித்தரும் பள்ளிகள் இங்கே இருக்கின்றன. அது இப்போது உங்கள் கவலை இல்லை.

இதையே தொழிலாக்கலாம் என்ற கணக்கு மட்டும் வேண்டாம். இங்கே பெண்கள் லீக் தொடங்கியதே 2007இல்தான். இன்றும் அதில் ஆடும் பலர் படித்துக்கொண்டோ வேறு வேலை பார்த்துக்கொண்டோதான் ஆடுகிறார்கள். மீடெமாவே 18 வயதில் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக்குக்கும், 2017இல் இங்கிலாந்தின் ஆர்சனலுக்கும் போக வேண்டியிருந்தது. இங்கிலாந்துப் பெண்கள் லீக்கில் 50 கோலை முதலில் தொட்டவர் அவர்தான். அந்த உயரத்தில் இருந்தவருக்கும் 2022 டிசம்பரில் லியோன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் தசைநார் அறுந்தது. 2023 உலகக் கோப்பை கை நழுவிப்போனது. பெண்களுக்கு இந்தக் காயம் ஆண்களைவிட அதிகம் வருகிறது. ஆகவே மகள் வளர்ந்து பன்னிரண்டு, பதின்மூன்று வயது ஆகும்போது, ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடாக்கும் பயிற்சிகளைச் சரியாகச் செய்ய வைக்கிறார்களா என்று பயிற்சியாளரிடம் கட்டாயம் கேளுங்கள். கேட்டால் தவறாக நினைக்க மாட்டார்கள். மீடெமா திரும்பி வந்தார். 2025 ஜூலையில் வேல்ஸுக்கு எதிராக நாட்டு அணிக்கான தம் 100ஆவது கோலை அடித்தார். நெதர்லாந்தில் ஆணோ பெண்ணோ வேறு யாரும் அந்த எண்ணைத் தொட்டதில்லை.

பிறகு உங்கள் பங்கு. இங்கே மன்றம் என்பது கட்டணம் கட்டிப் பிள்ளையை விட்டுவிட்டு வரும் டியூஷன் மாதிரி அல்ல. பயிற்சியாளரே பெரும்பாலும் யாராவது ஒரு பிள்ளையின் அப்பாவாக இருப்பார், சம்பளம் கிடையாது. வெளியூர் ஆட்டத்துக்குக் கார் ஓட்டுவதும், சிற்றுண்டிக் கூடத்தில் காபி ஊற்றுவதும், அணியின் சட்டைகளை மொத்தமாக வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைப்பதும் பெற்றோருக்கு முறை வைத்து வரும். முறை வந்தால் தட்டாதீர்கள். சேறு அப்பிய சட்டைகளை என் துவைக்கும் இயந்திரத்தில் போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமைதான், இந்த ஊரில் முதன்முதலாக மூன்று அம்மாக்களின் தொலைபேசி எண் என்னிடம் இருந்தது. அதற்கு முன் ஆறு ஆண்டுகள் வணக்கம் சொல்லிச் சிரித்ததோடு சரி.

முதல் நாள் புது பூட்ஸ் வாங்காதீர்கள். கால் மாதத்துக்கு மாதம் வளரும், பழையது தர யாராவது இருப்பார்கள். ஆனால் முழங்காலுக்குக் கீழே, காலுறைக்குள் வைக்கும் காப்புத் தட்டை மட்டும் மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் ஆட்டத்தில் இறக்க மாட்டார்கள். என் மகள் முதல் சனிக்கிழமை முழுவதும் அதனால்தான் ஓரத்தில் நின்று அழுதாள்.