சின்ன வெங்காயத்தைச் சேர்த்து வைக்க, கழுத்தைப் பாருங்கள்

வீட்டுத் தோட்டத்துச் சின்ன வெங்காயத்தை எப்போது பிடுங்குவது, அழுகாமல் எப்படி வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடிப் பக்கம் எங்கள் கொல்லையில் தையில் நட்டு, பங்குனியில் எடுக்கிறேன்.

நட்டு 65, 70 நாளில் தாள் மஞ்சளாகித் தானே சாயும். பாதிக்கு மேல் சாய்ந்ததும் தண்ணீரை நிறுத்துங்கள். ஒரு வாரம், பத்து நாள் போய் மண் காய்ந்ததும் தாளோடு பிடுங்கலாம்.

முதல் வருஷம் நான் அடித்த கூத்தைச் சொல்கிறேன். செம்மண் ஒட்டியிருக்கிறதே என்று அத்தனையையும் பைப்படியில் கழுவி, மொட்டைமாடியில் ஒரு நாள் உலர்த்தி, உரச் சாக்கில் கட்டிவிட்டேன். பத்தாம் நாள் நாற்றம் முகப்பு வரை வந்தது. சாக்கின் அடியில் ஒரே கூழ். அப்பத்தா தப்பிப் பிழைத்த ஒரு காயை எடுத்து, தாளும் காயும் சேரும் கழுத்தை இரண்டு விரலால் நசுக்கினார். "வழவழன்னு நழுவுது பாருப்பா, உள்ள இன்னும் பச்சை. இந்த வாசல் அடைஞ்சாத்தான் சாக்குல போடணும்."

உண்மைதான், அழுகல் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. அதனால் இப்போது கழுவுவதே இல்லை. மண்ணைக் கையால் உதிர்ப்பதோடு சரி. பிடுங்கிய இடத்திலேயே இரண்டு நாள், ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசைக் காயை மூடுகிற மாதிரி கிடத்துகிறேன். பங்குனி வெயில் நேரே பட்டால் காய் வெந்து தொளதொளத்துவிடும். அப்புறம் வளவுத் தாழ்வாரத்தில், நிழலில், பத்து நாள் பரப்பி வைப்பேன். முற்றத்துக் காற்று போதும், ஃபேன் வேண்டாம். கழுத்து சுருங்கி, மேல்தோல் சலசலத்தால் காய்ந்துவிட்டது. தாளை ஒட்ட நறுக்காமல் ஒரு விரற்கடை விட்டு நறுக்குங்கள்.

கழுத்து தடித்தவை, பூத்தண்டு விட்டவை, மண்வெட்டி பட்டவை எல்லாம் முதலில் குழம்புக்கு. மீதி மூங்கில் கூடையிலோ வலைப்பையிலோ, காற்றோட்டமாக. உருளைக்கிழங்கோடு சேர்க்காதீர்கள், ஃபிரிட்ஜிலும் வேண்டாம். வாரம் ஒருமுறை கிளறி, மெத்தென்று இருப்பதைப் பொறுக்கி எறியுங்கள். ஒன்று கெட்டால் பக்கத்தில் இருப்பதும் போகும்.

ஆடியில் நட வேண்டியதை மட்டும் தாள் நறுக்காமல் கொத்தாக முடிந்து உத்திரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். ஏணி போட்டுத்தான் எடுக்க வேண்டும். எட்டுகிற உயரத்தில் தொங்கிய போன வருஷக் கொத்து, வைகாசிக்குள் சாம்பாரில் கரைந்துவிட்டது.