கல்பனா ஸ்வரத்தை நோட்டில் எழுதலாமா? சாதகம் (பாட்டுப் பயிற்சி) பற்றிக் கேள்வி பதில்

கே: ஒன்பது வயது மகன் பாட்டு கற்கிறான். தினமும் ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் அழுகிறான்.

நானாக இருந்தாலும் அழுவேன். இருபது நிமிடம் போதும், தம்பூரா ஸ்ருதியோடு. அதில் ஐந்து நிமிடம் அவன் இஷ்டத்துக்கு ஏதாவது பாடட்டும், நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது.

கே: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் சாதகம் செய்யணும்?

எந்த இடத்தில் தப்புகிறதோ அது சரியாகும் வரை. பலர் சறுக்கியதும் பல்லவிக்கே திரும்பிப் போய்விடுகிறார்கள். அப்படிச் செய்தால் பல்லவிதான் தேறும். சறுக்கிய இடத்துக்கு இரண்டு அட்சரம் (தாள எண்ணிக்கை) முன்னால் தொடங்கி, இரண்டு அட்சரம் தாண்டி நிறுத்துங்கள். விளம்ப காலத்தில், அதாவது மெதுவாக, மூன்று முறை பிசகாமல் வந்தால் காலத்தைக் கூட்டலாம். ஸ்ருதி போடாமல் செய்தால் தப்பைத்தான் மனப்பாடம் செய்வீர்கள்.

கே: பாட்டு டீச்சர் கல்பனா ஸ்வரம் (பாடும்போதே கற்பனையாகப் போட வேண்டிய ஸ்வரம்) எழுதிக் கொடுக்கிறார். அதை ஒப்பிக்கிறேன். சொந்தமாகப் பாட வரவில்லை.

கற்பனையை வீட்டுப்பாடமாகக் கொடுக்கிறோம், பிறகு பிள்ளைக்குக் கற்பனை இல்லை என்கிறோம்! நானும் ஒரு காலத்தில் நோட்டைப் பார்த்து ஸ்வரம் பாடியவன்தான். எழுதித் தந்ததை நாலு நாள் பாடிப் பாருங்கள், தப்பில்லை. ஐந்தாம் நாள் மூடிவிடுங்கள்.

மோகன ராகத்தை எடுங்கள். க, ப, த (காந்தாரம், பஞ்சமம், தைவதம்) மூன்று ஸ்வரம் மட்டும். ஸ, ரி பக்கமே போகக் கூடாது. ஆதி தாளம், ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று). பல்லவி காந்தாரத்தில் தொடங்கினால் கடைசி ஸ்வரம் பஞ்சமமாக இருக்கட்டும், பல்லவி தொடங்கும் இடமான எடுப்பில் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஒரு வாரம் கழித்து ரிஷபத்தை (ரி) சேருங்கள். அதுவரை சாதாரணமாகத் தெரிந்த ரிஷபம் அன்றைக்குப் புதையல் மாதிரி இருக்கும். ஐந்து ஸ்வரத்தையும் முதல் நாளே கொடுத்தால் பிள்ளைகள் ஆரோகண அவரோகணத்தில் ஏறி இறங்குவதோடு சரி.

கே: எந்த ஸ்ருதிப்பெட்டி ஆப் நல்லது?

நீங்கள் அணைக்காமல் வைத்திருக்கும் எதுவும்.

கே (மிருதங்கம் வாசிப்பவர்): கணக்கில்லாமல் தாளத்தோடு ஓடும் சர்வலகுவாகவே பாடிக்கொண்டிருந்தால் சபை தூங்கிவிடும். கணக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே?

வருவீர்கள் என்று தெரியும். அட்சரத்துக்கு நாலு வீதம் ஆதி தாளத்தில் 32. ஐந்து எழுத்துச் சொல் மூன்று முறை 15. ஆக, எடுப்பு சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) இருந்தால் 17 எண்ணிக்கை போன பிறகு தொடங்க வேண்டும். மாணவர்கள் அந்த 17-ஐ எண்ணும்போது முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ராகம் எழுந்து வெளியே போய்விட்டிருக்கும்.

அவரே: அது எண்ணுகிறவர் குறை, கணக்கின் குறை இல்லை. நடுவில் கார்வை (நீட்டி நிற்கும் இடைவெளி) விட்டுப் பாருங்கள்.

பாதி ஒப்புக்கொள்கிறேன். ஐந்துகளுக்கு நடுவே இரண்டிரண்டு கார்வை விட்டால் 19, 13 கழித்து எடுக்கலாம். அந்தக் கார்வையில் தைவதத்தை நீட்டினால் கணக்கும் ராகமும் சேர்ந்து நிற்கும். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் சர்வலகுவில் ஆறு மாதம், பிறகு கோர்வை (கணக்குப் போட்டு எடுப்பில் முடிக்கும் ஸ்வரத் தொடர்). மாற்றிச் செய்தால் வாய்ப்பாடுதான் மிஞ்சும்.

அவரே: ஆறு மாதம் அதிகம்.

உங்கள் மாணவருக்கு இருக்கலாம்.

கே: மேல் ஸ்தாயி பாடினால் தொண்டை வலிக்கிறது. மிளகு கஷாயம் குடிக்கலாமா?

வலியோடு பாடாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். இது என் துறை இல்லை.

கே: எத்தனை மணி நேரம் சாதகம்...

மேலே இரண்டாவது பதில்.

கே: தினமும் எவ்வளவு நேரம்...

மேலே. ஸ்ருதியோடு.

கே (முதலில் கேட்ட அம்மா): அந்த ஐந்து நிமிடத்தில் மோகனத்தில் அதில் இல்லாத காகலி நிஷாதம் (மேல் நி) போட்டுப் பாடுகிறான். திருத்தட்டுமா?

இன்றைக்கு வேண்டாம். நாளைக்கு அந்த நிஷாதத்தை வைத்துக்கொண்டு தைவதத்தை விட்டுப் பாடச் சொல்லுங்கள். அது ஹம்ஸத்வனி ராகம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.