நிச்சயத்துக்கு முன் ஆறு வாரம்

கேள்வி: எனக்கு வயது 27. பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று ஒரு வரன் அமைந்திருக்கிறது. பெண் பார்க்க வந்தபோது பத்து நிமிடம் பேசினோம். நிச்சயதார்த்தத்துக்கு ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் எதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும்?
– வாசகி, ஈரோடு

பதில்: தினமும் போனில் பேசுவதைவிட, இந்த ஆறு வாரத்தில் நான்கு முறை நேரில் பாருங்கள். வீட்டில் சொல்லிவிட்டே போகலாம்.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "சேமிப்பீர்களா?" என்றால் ஆமாம் என்றுதான் யாரும் சொல்வார்கள். "போன மாதச் சம்பளம் எங்கெங்கே போனது?" என்று கேளுங்கள். கைக்கு வருவது எவ்வளவு, கடனுக்கு இஎம்ஐ இன்னும் எத்தனை வருடம், அப்பா அம்மாவுக்கு மாதம் எவ்வளவு, தங்கை கல்யாணம் யார் பொறுப்பு என்பதெல்லாம் தொகையாகவே தெரியவேண்டும். உங்கள் கணக்கை முதலில் சொல்லிவிட்டால் விசாரணை போல இருக்காது. பெற்றோருக்குக் கொடுப்பதில் குறையே இல்லை. மறைத்துக் கொடுப்பதுதான் பின்னால் சண்டையாகிறது. உங்கள் சம்பளத்தில் உங்கள் பெற்றோருக்கு அனுப்புவதாக இருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

வேலைக்குப் போகலாமா என்று அனுமதி கேட்காதீர்கள். "குழந்தைக்குக் காய்ச்சல், இருவருக்கும் ஆபீஸ். யார் லீவு போடுவது?" என்று கேளுங்கள். "அம்மா பார்த்துக்குவாங்க" என்று பதில் வந்தால், அம்மாவிடம் கேட்டாயிற்றா என்று தொடருங்கள். தனிக்குடித்தனமா, குழந்தை எப்போது என்பதையும் இப்படியே.

உங்களுக்கு உண்மையிலேயே பிடிக்காத ஒன்றுக்கு ஒருமுறை மறுப்புச் சொல்லுங்கள். முகம் வாடுவது இயல்பு. இரண்டு நாள் பேசாமல் இருப்பதும், "உனக்கு என்ன தெரியும்" என்று மட்டம் தட்டுவதும் அப்படியல்ல. தம்பதியரைப் பல்லாண்டுகள் ஆய்வு செய்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், மணமுறிவுக்கான அறிகுறிகளில் முதலாவதாகச் சொல்வது இந்த இளக்காரத்தைத்தான்.

நகை, சீர் பற்றிப் பெரியவர்கள் பேசும்போது அவர் வாய் திறக்கிறாரா என்று பாருங்கள். வரதட்சணை கேட்பதே 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

எல்லாவற்றையும் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் பேசி முடியுங்கள். பணம் கட்டிய பிறகு உங்கள் தயக்கத்தை வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: அத்தை மகனும் நானும் விரும்புகிறோம். ரத்தப் பரிசோதனை செய்யலாம் என்றால் அத்தை தவறாக நினைப்பாரோ?
– வாசகி, மதுரை

பதில்: அத்தை வருத்தப்பட்டாலும் கேளுங்கள். அத்தை மகன், மாமன் மகள் திருமணங்களில் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரு மடங்கு. ரத்த குரூப் மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியடைகிறார்கள், அது போதாது. எச்பிஎல்சி என்ற ரத்தப் பரிசோதனையை இருவரும் செய்துகொண்டால் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணுவைச் சுமக்கிறீர்களா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். இருவரும் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. பிறகு மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். குடும்பத்தில் காது கேளாமை, மனவளர்ச்சிக் குறை, சிறுவயது மரணம் யார் யாருக்கு என்று அவர் கேட்பார். அந்தப் பட்டியலைப் பாட்டியிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். பிறந்து இறந்த குழந்தைகளை அவர்தான் மறக்காமல் வைத்திருப்பார்.