கோச்சாகப் போகிறேன் என்கிறான் மகன்

அம்மா, மாநில அணித் தேர்வில் இடம் கிடைக்காத உங்கள் மகன் இப்போது கால்பந்துப் பயிற்சியாளராகப் போகிறேன் என்கிறான். "ஆட்டத்திலேயே பெரிய ஆளாக வராதவன் கோச்சாகி என்ன செய்வான்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் ஆடுவது வேறு வேலை, ஆட வைப்பது வேறு வேலை. சுவிஸ் தேசிய அணியின் பயிற்சியாளராக இருந்த கார்ல் ராப்பானைப் பாருங்கள்.

1905-இல் வியன்னாவில் பிறந்தவர். அங்கே ராப்பிட் போன்ற கிளப்புகளில் ஆடினார். ஆஸ்திரிய தேசிய அணிக்காக ஆடியது மிகச் சில ஆட்டங்கள்தான். முப்பது வயதுக்கு முன்பே சுவிட்சர்லாந்து போய், ஜெனீவாவின் செர்வெட் கிளப்பில் ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்தார். அப்புறம் சூரிச்சின் கிராஸ்ஹாப்பர்ஸ், சுவிஸ் தேசிய அணி.

அங்கே அவருக்குக் கிடைத்தவர்களில் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர்கள். முழுநேர ஆட்டக்காரர்களோடு ஆளுக்கு ஆள் ஓடி அவர்களால் ஈடுகொடுக்க முடியாது. அதனால் ராப்பான் ஆட்களை நிறுத்தும் இடத்தை மாற்றினார். பந்து எதிரணியிடம் போனதும் நடுக்களத்தில் இருவர் பின்வாங்கி இரு ஓரங்களையும் அடைப்பார்கள். தடுப்பாட்டக்காரர் ஒருவர் எல்லோருக்கும் பின்னால் நின்று, தப்பி வருபவரை மறிப்பார். 'சுவிஸ் தாழ்ப்பாள்' என்று அது பேர் வாங்கியது.

1938 உலகக் கோப்பையில் சுவிஸ் அணிக்கு ஜெர்மனியோடு முதல் ஆட்டம் 1-1. ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டு, அந்நாட்டு ஆட்டக்காரர்களையும் சேர்த்து வந்த ஜெர்மன் அணி அது. பாரிஸில் நடந்த மறு ஆட்டத்தில் 0-2 என்று பின்தங்கிய சுவிஸ் அணி 4-2 என்று ஜெயித்தது. 1954-இல் சொந்த மண்ணில் நடந்த காலிறுதியில் ராப்பானின் அணி ஆஸ்திரியாவிடமே 5-7 என்று தோற்றது. ஆனாலும் 1962 உலகக் கோப்பைக்கு அவர்தான் பயிற்சியாளர். வேலை என்று பார்த்தால் எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. ஒரு தோல்வியோடு அவரை யாரும் கழித்துக்கட்டவில்லை.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். பட்டப்படிப்பை விட வேண்டாம். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு பயிற்சியாளர்களுக்கு நடத்தும் டி லைசென்ஸ் பயிற்சியில் சேரட்டும். அதற்கு மேலே சி, பி, ஏ என்று படிகள் உண்டு. ஆரம்பத்தில் வருமானம் குறைவாகத்தான் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். இந்த வாரம் உள்ளூர் ஆட்டம் ஒன்றை முழுதாகப் பார்த்து, தோற்ற அணியில் யாரை எங்கே நிறுத்தியிருப்பான் என்று எழுதச் சொல்லுங்கள். எழுதியதை எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.