முப்பொழுதும் கன்னியும் தள்ளுபடி ஆகமங்களும்: கேள்வி பதில்

கொடைக்கானலில் சலேத் மாதா திருவிழாவுக்குக் கொடி ஏறுவதற்குள் கேள்விகள் ஏறிவிட்டன. ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒரு தடவைதான் பதில். பெரும்பாலும் இரண்டைப் பற்றியவை: மரியா பேறுக்கு முன்னும் பேற்றின்போதும் பின்னும் கன்னியே என்ற கத்தோலிக்கக் கோட்பாடு (முப்பொழுதும் கன்னி), பைபிளில் சேர்க்காமல் தள்ளிய நூல்கள் (தள்ளுபடி ஆகமம்). வழக்கமான எச்சரிக்கையும் உண்டு: “பழைய சுவடியில் இருக்கிறது” என்று யாராவது சொன்னால் எந்த நூல், எந்த நூற்றாண்டு, அதை முதலில் எடுத்துச் சொன்னவர் யார் என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வராவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

மூஞ்சிக்கல் வாசகி: மாதாவின் பெற்றோர் சுவக்கீன், அன்னம்மாள் என்று ஜூலை 26இல் திருநாள் கொண்டாடுகிறோம். பைபிளில் தேடினேன், கிடைக்கவில்லையே சார்?

கிடைக்காது. அந்தப் பெயர்கள் வருவது யாக்கோபின் பெயரில் வழங்கும் ஒரு கிரேக்க நூலில். ‘முதல் நற்செய்தி’ என்ற பட்டம் பிற்காலத்தது. 1552இல் கியோம் போஸ்தெல் லத்தீனில் வெளியிட்டபோது ஒட்டிக்கொண்டது. நூல் எழுதப்பட்டது கி.பி. 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அல்லது சற்றுப் பின்னால். 3ஆம் நூற்றாண்டில் ஒரிஜன் என்ற இறையியலாளர் ‘யாக்கோபின் நூல்’ என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார்.

கதை இது. பிள்ளையில்லாததால் சுவக்கீனின் காணிக்கையை ஏற்க மறுக்கிறார்கள். பிறகு மரியா பிறக்கிறார். 3 வயதில் ஆலயத்தில் விடுகிறார்கள். 12 வயதானதும் மனைவியை இழந்தவர்களைக் கூட்டி ஆளுக்கொரு கோல் கொடுக்கிறார்கள். யோசேப்பின் கோலிலிருந்து ஒரு புறா வெளிவந்து அவர் தலைமேல் உட்காருகிறது. “நான் கிழவன், எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஊர் சிரிக்கும்” என்று அவர் தயங்குகிறார். சுரூபங்களில் யோசேப்பு பிடித்திருக்கும் லில்லி பூத்த கோல் இந்தக் கதையின் பிற்கால வடிவம்.

நம்பகமா என்றால், எழுதியவருக்கு யூத வழக்கம் சரியாகத் தெரியவில்லை. பெண்குழந்தையை ஒன்பது ஆண்டு எருசலேம் ஆலயத்துக்குள் வளர்க்கும் ஏற்பாடு எதுவும் நமக்குத் தெரிந்த யூத நூல்களில் இல்லை. எண்ணாகமம் 5இல் கற்பைச் சோதிக்கக் கொடுக்கும் நீர் சந்தேகத்துக்கு உள்ளான மனைவிக்கு மட்டும்தான்; இந்த நூலில் யோசேப்புக்கும் குடிக்கக் கொடுக்கிறார்கள். ஏரோது இறந்த சமயத்தில் யாக்கோபே எழுதியதாகக் கடைசியில் ஒரு முத்திரை வேறு. ஆகவே மரியாவின் வீட்டில் என்ன நடந்தது என்பதற்கு இது சாட்சி அல்ல. 2ஆம் நூற்றாண்டிலேயே சில கிறிஸ்தவர்கள் அவரைப் பற்றி என்ன நம்பினார்கள் என்பதற்கு முதல்தரமான சாட்சி. இரண்டையும் குழப்புவதால்தான் பாதிச் சண்டை.

திருநாளை விடவேண்டாம். மரியாவுக்குப் பெற்றோர் இருந்தார்கள் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை.

பண்ணைக்காடு வாசகர்: இவ்வளவு பழைய நூலை ரோமாபுரி ஏன் ஒளித்து வைத்தது?

ஒளித்து வைத்த நூலுக்கு நூற்றுக்கு மேல் கிரேக்கக் கைப்பிரதிகள் மிஞ்சுமா? கீழைத் திருச்சபைகளில் தாராளமாகப் புழங்கியது. மேற்கே போப் கெலாசியுவின் பெயரில் வழங்கும் பட்டியல் இதை ஏற்கத்தகாத நூல்களில் வைத்தது உண்மை. அப்படியும் ‘போலி மத்தேயு’ என்ற லத்தீன் நூலாக வேறு சட்டை போட்டு உள்ளே வந்துவிட்டது.

பெருமாள்மலை போதகர்: மத்தேயு 1:25 “முதற்பேறான குமாரனைப் பெறுமளவும்” யோசேப்பு அவளை அறியாதிருந்தார் என்கிறது. அதாவது, பிறகு சேர்ந்து வாழ்ந்தார்கள். இதற்குமேல் என்ன வேண்டும்?

ஐயா, இரண்டு விஷயம். அந்த வசனத்தில் ‘முதற்பேறான’ என்பது சினாய், வத்திக்கான் ஆகிய 4ஆம் நூற்றாண்டுச் சுவடிகளில் இல்லை. லூக்கா 2:7இலிருந்து நகல் எடுத்தவர்கள் கொண்டுவந்து சேர்த்தது. லூக்காவில் அது உறுதியாக இருக்கிறது. ஆனால் தலைப்பிள்ளை என்றதால் அடுத்த பிள்ளை பிறந்தாக வேண்டும் என்றில்லை. எகிப்தில் கிடைத்த கி.மு. 5ஆம் ஆண்டுக் கல்லறைக் கல்வெட்டு ஒன்றில், தலைப்பிள்ளையைப் பெறும்போதே இறந்துபோன அர்சினோயே என்ற யூதப் பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறது.

இரண்டாவது, ‘அளவும்’. மீகாளுக்கு மரணமடையும் நாள் மட்டும் பிள்ளையில்லை என்று 2 சாமுவேல் 6:23 சொல்கிறது. செத்தபிறகு பெற்றாள் என்று யாரும் படிப்பதில்லை. ஆனால் கத்தோலிக்கர்களும் இதை வைத்துக் குதிக்கவேண்டாம். இந்த வசனம் பின்னால் நடந்ததை மறுக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை, அவ்வளவுதான்.

தாண்டிக்குடி வாசகர்: யோசேப்புக்கு அப்போது என்ன வயது?

நற்செய்திகளில் இல்லை. ‘தச்சர் யோசேப்பின் வரலாறு’ என்று எகிப்தில் புழங்கிய நூல், மரியாவை ஏற்றபோது அவருக்கு ஏறக்குறைய 90 என்றும் 111 வயதில் இறந்தார் என்றும் சொல்கிறது. மேலே சொன்ன மூன்று கேள்வியையும் அதனிடம் கேளுங்கள். நம் தேம்பாவணியில் வளன் என்று வரும் யோசேப்பு கிழவரும் அல்ல, மனைவியை இழந்தவரும் அல்ல. கன்னிமை நோன்பு பூண்டவர்.

நாயுடுபுரம் வாசகர் (சி.எஸ்.ஐ.): மாற்கு 6:3இல் யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் என்று பெயர் போட்டே சகோதரர் என்கிறது. பிறகும் ஏன் சுற்றிவளைப்பு?

மூன்று விடைகள் 4ஆம் நூற்றாண்டிலேயே மேசைக்கு வந்துவிட்டன. கூடப் பிறந்தவர்கள் என்றார் எல்விதியு. யோசேப்பின் மூத்த தாரத்துப் பிள்ளைகள் என்றார் சைப்ரசு ஆயர் எப்பிபானியு. பெரியம்மா, சித்தி பிள்ளைகள் என்றார் பைபிளை லத்தீனில் பெயர்த்த ஜெரோம், 383 வாக்கில் எல்விதியுவுக்கு எதிராக எழுதிய நூலில்.

செண்பகனூர் வாசகர்: ஜெரோமே போதுமே சார். மாற்கு 15:40இல் சிலுவையைத் தூரத்திலிருந்து பார்த்து நின்ற வேறொரு மரியாவை “சின்ன யாக்கோபுக்கும் யோசேக்கும் தாய்” என்று எழுதியிருக்கிறதே. அதே இரண்டு பெயர்.

நல்ல பிடி. கத்தோலிக்கத் தரப்பின் பலமான இடம் அதுதான். இயேசுவின் தாயைச் சொல்ல வேண்டுமானால் மாற்கு இப்படிச் சுற்றி எழுதியிருக்கமாட்டார்.

நாயுடுபுரம்: யாக்கோபு, யோசே எல்லாம் அந்தக் காலத்தில் தெருவுக்கு நாலு பேர் வைத்த பெயர்!

அதுவும் சரி. யோசேப்பு, சீமோன், யூதா மூன்றும் அக்கால யூதரிடையே மிகப் பரவலான பெயர்கள். யோசே என்பது யோசேப்பின் சுருக்கம்தான்.

செண்பகனூர்: சின்ன யாக்கோபுதான் அல்பேயுவின் மகனான திருத்தூதர் யாக்கோபு. அப்படியிருக்க எப்படிக் கூடப்பிறந்தவர் ஆவார்?

இங்கேதான் வண்டி பள்ளத்தில் இறங்குகிறது. யோவான் 7:5 அவருடைய சகோதரர்கள் அவரை நம்பவில்லை என்கிறது. அப்போஸ்தலர் 1:13-14 பதினொரு பேரைப் பெயர் சொல்லி முடித்து, சகோதரர்களைத் தனியாக வைக்கிறது. திருத்தூதர்களில் ஒருவராகவும் நம்பாத சகோதரராகவும் ஒரே ஆள் இருப்பது கடினம். இன்னொன்றும் உண்டு. 2ஆம் நூற்றாண்டுத் திருச்சபை எழுத்தாளர் எகெசிப்பு, யாக்கோபை ஆண்டவரின் சகோதரர் என்கிறார். அவருக்குப்பின் எருசலேமில் ஆயரான சிமியோனை, யோசேப்பின் சகோதரர் குளோப்பாவின் மகன், ஆண்டவரின் சித்தப்பா வழிச் சொந்தம் என்கிறார். இரண்டு உறவையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் அவர். ஜெரோமின் முதல் படி (அது வேறொரு மரியா) உறுதி, இரண்டாவது படி (அவள் மகனே திருத்தூதர் யாக்கோபு) ஆட்டம். எப்பிபானியுவின் விடையே பழையது, யாக்கோபின் நூலிலேயே யோசேப்புக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நாயுடுபுரம்: அதாவது, தள்ளுபடி ஆகமத்தின் விடை! கோட்பாடு முழுக்க அந்தக் கதைப் புத்தகத்தில் நிற்கிறது என்று ஒத்துக்கொண்டீர்கள்.

இல்லை. முப்பொழுதும் கன்னி என்பதற்காக யாரையும்விட அதிகம் வாதாடிய ஜெரோமே இந்த நூலைத் தூக்கி எறிந்தவர். யாக்கோபின் நூலில் ஒரு மருத்துவச்சி வருகிறாள். சலோமி என்ற இன்னொருத்தி நம்பாமல் கையால் சோதித்துப் பார்க்க, அந்தக் கை எரிந்து விழப்போகிறது, குழந்தையைத் தூக்கியதும் குணமாகிறது. ஜெரோம் இதற்கு லூக்காவை எடுத்து நீட்டுகிறார்: அவளே பெற்றாள், அவளே துணியில் சுற்றினாள், மருத்துவச்சிக்கு அங்கே வேலையில்லை. நூலைத் தள்ளிவிட்டுக் கோட்பாட்டை வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு அவரே அத்தாட்சி.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் பேறுகாலக் கன்னிமையை மறுத்தவர். ஆகவே “ஆதியிலிருந்து எல்லாரும் ஒரே குரலில்” என்று மேடையில் முழங்கினால் அதுவும் தப்பு. 553 கொன்ஸ்தாந்திநோபிள் சங்கம் ‘எப்போதும் கன்னி’ என்ற பட்டத்தைப் பயன்படுத்தியது. 649 லாத்தரன் சங்கம் விரிவாக வரையறுத்தது. கத்தோலிக்கருக்கு அடித்தளம் திருச்சபையின் அந்தத் தொடர்ந்த வாசிப்பு. வசனம் மட்டுமே அளவுகோல் என்றால் உங்களுக்கு அது போதாது. தகராறு அங்கே இருக்கிறது, யாக்கோபின் நூலில் இல்லை.

நாயுடுபுரம்: லூத்தர் இருந்திருந்தால்…

லூத்தர் கடைசிவரை மரியா எப்போதும் கன்னி என்றே நம்பினார். சுவிஸ் சீர்திருத்தவாதி ஸ்விங்கிலியும் அப்படியே. மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1749இல் ஒரு கத்தோலிக்கருக்கு எழுதிய கடிதத்தில் அதையே சொல்கிறார். இந்தக் கிளைச் சண்டையை இதோடு மூடுகிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

பூம்பாறை வாசகர்: யோசேப்பின் வயது…

மேலே.

பஜார் பகுதி இஸ்லாமிய வாசகர்: குர்ஆன் 3:44இல் மர்யமை யார் பொறுப்பேற்பது என்று எழுதுகோல் எறிந்ததாக வருகிறது. தொடர்பு உண்டா அண்ணன்?

யாக்கோபின் நூலில் வரும் கோல் தேர்வோடு ஒப்பிட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒப்புமை தெளிவு. எந்த வழியில் போனது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

பெருமாள்மலை இளைஞர்: பர்னபாவின் நற்செய்தி பி.டி.எஃப். வாட்ஸ்அப்பில் வந்தது. ஆதி நற்செய்தியாமே?

மூன்று கேள்வி! யூபிலி என்ற விடுதலை ஆண்டு நூறு ஆண்டுக்கு ஒருமுறை என்கிறது அந்த நூல். பைபிளில் அது 50. நூறு என்ற கணக்கு போப் எட்டாம் போனிபாஸ் 1300இல் கொண்டுவந்தது. ஆகவே நூல் அதற்குப் பிந்தியது. அழித்துவிடுங்கள், தம்பி.

வில்பட்டி வாசகி: தோபித்து, யூதித்து நூல்களும் இதே ரகமா?

இல்லவே இல்லை. அவை இயேசுவுக்கு முந்திய யூத நூல்கள், கத்தோலிக்க பைபிளில் இணைத்திருமுறை என்ற பெயரில் சேர்ந்தவை. சீர்திருத்த சபையார் அவற்றைத் தள்ளுபடி ஆகமம் என்பதால் வரும் குழப்பம் இது.

செண்பகனூர் பாடகர் குழு: கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு யாக்கோபின் நூலிலிருந்து ஒரு காட்சி எடுக்கலாமா?

எடுக்கலாம், சலோமி காட்சியை மட்டும் விட்டுவிடுங்கள். 18ஆம் அதிகாரம் மேடைக்கென்றே எழுதியது போலிருக்கும். மருத்துவச்சியைத் தேடிப் போகும் யோசேப்பு மேலே பார்க்கிறார், பறவைகள் வானில் அப்படியே நிற்கின்றன. கூலியாட்கள் கலத்தில் கைவைத்தபடி. மென்றவன் மெல்லவில்லை, எடுத்தவன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. ஆடு ஓட்டுகிறவனின் ஓங்கிய கோல் இறங்கவில்லை. அரை நிமிடம் அசையாமல் நிற்கச் சின்னப் பிள்ளைகளால் முடியாது, பெரியவர்களை நிறுத்துங்கள். தொடங்கும் முன் “இது நற்செய்தி வசனம் அல்ல” என்று மைக்கில் சொல்லிவிடுங்கள், மறுநாள் நாயுடுபுரத்திலிருந்து எனக்கு போன் வராது. மரியாவுக்குக் கழுதை வைக்கலாம், 17ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பக்கத்தில் நின்று வணங்கும் மாடு வேண்டுமென்றால் அதற்குப் போலி மத்தேயுவிடம்தான் போகவேண்டும்.