ஷாம்பூ போட்டும் நாற்றம் போகலையே!

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு 3 வயது. மழைக்காலம் வந்தாலே அக்குளும் தொடையிடுக்கும் சிவந்து, பிறகு கறுத்துத் தடித்துவிடுகின்றன. புளித்த நாற்றம் வேறு. மெடிக்கலில் கேட்டு வாங்கிய படர்தாமரை க்ரீம் தடவினால் அடங்குகிறது, நிறுத்தினால் முன்னைவிட அதிகமாகப் பரவுகிறது. மருந்து ஷாம்பூவும் பலிக்கவில்லை. வீட்டில் குழந்தை இருக்கிறது. ஒட்டுமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் அந்த க்ரீமைத் தூக்கிப் போடுங்கள். கடையில் கேட்டு வாங்கும் படர்தாமரை க்ரீம்கள் பலவற்றில் குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பு அடங்குவது அதனால்தான்; பூஞ்சை அப்படியே இருக்கும். நாய் நக்கினால் ஸ்டீராய்டு வயிற்றுக்குள்ளும் போகும்.

நாற்றம், பிசுக்கு, கறுப்பு மூன்றும் சேர்ந்திருப்பதால் இது மலசீசியா என்ற ஈஸ்டாக (ஒருவகைப் பூஞ்சை) இருக்கவே வாய்ப்பு அதிகம். கால்நடை மருத்துவர் அந்த இடத்தில் செலோடேப்பை ஒட்டியெடுத்து, சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அப்போதே தெரிந்துவிடும். நாய்களின் தோலில் எப்போதும் கொஞ்சம் இருக்கிற ஈஸ்ட்தான் இது. ஆரோக்கியமான குழந்தைக்கு ஒட்டுவது மிக அரிது. வட்ட வட்டமாக முடி கொட்டிச் செதில் உதிர்ந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். படர்தாமரை ஒட்டக்கூடியது. குழந்தையைத் தள்ளியே வையுங்கள்.

ஷாம்பூ பலிக்காததற்குப் பெரும்பாலும் அவசரம்தான் காரணம். 2% குளோர்ஹெக்சிடினும் 2% மைக்கோனசோலும் சேர்ந்தது வாங்குங்கள். முதலில் சாதாரண நாய் ஷாம்பூவால் பிசுக்கை எடுத்துவிட்டு, பிறகு இதைத் தேய்த்து, கடிகாரம் பார்த்து 10 நிமிடம் நுரையோடு நிறுத்துங்கள். நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாரம் இருமுறை, குறைந்தது 3 வாரம். அலசிய பின் விரலிடுக்கு, அக்குள், வாலடியில் ஈரம் நிற்கவே கூடாது. வேப்பெண்ணெய், தேங்காயெண்ணெய் வேண்டாம். பிசுக்கின் மேல் பிசுக்கு ஏறினால் மருந்து தோலைத் தொடாது. டீ ட்ரீ ஆயில் நாய்க்கு விஷம்.

தோல் இவ்வளவு தடித்திருப்பதால் இட்ராகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரையும் தேவைப்படலாம். அளவு எடையைப் பொறுத்தது, ஈரலையும் கவனிக்க வேண்டும். டாக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். காதையும் காட்டிவிடுங்கள், லாப்ரடாருக்கு அங்கேயும் ஈஸ்ட் சேரும். ஆண்டுதோறும் திரும்புகிறது என்றால் அடியில் அலர்ஜி இருக்கலாம்: உண்ணி, தெள்ளு, உணவு, தூசி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள்.