டப்பாவுல 'மூலிகை'னு போட்டிருந்தா போதுமா? வாசகிகள் கேள்வி, அக்கா பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல மாதவிடாய் நிக்கிற வயசு பத்தி நாலு வரி எழுதினேன், அதுக்கு வந்த கடிதங்கள்ல முக்காவாசி ஒரே கேள்விதான். பொடி, லேகியம், எண்ணெய், ஆன்லைன்ல வர்ற 'நேச்சுரல்' மாத்திரை, இதெல்லாம் வாங்கலாமா வேணாமா? சேலத்துல மெடிக்கல் ஷாப்ல பார்மசிஸ்ட்டா 26 வருஷம் நின்னவ நான், டாக்டர் கிடையாது, அதை முதல்லயே சொல்லிடறேன். எனக்கு 49-ல நின்னுச்சு. ஆத்தூர் பஸ்ல உக்காந்திருக்கேன், திடீர்னு நெஞ்சுலருந்து கழுத்து வரைக்கும் அனலா ஏறுது, பக்கத்துல இருந்த அம்மா பேசாம ஜன்னலைத் தள்ளி விட்டுட்டு "உங்களுக்கும் ஆரம்பிச்சுருச்சுங்களா"னு கேட்டாங்க, அப்பதான் எனக்கே உறைச்சுது. சரி, கடிதத்துக்கு வருவோம்.

அக்கா, எனக்கு 48 வயசு, அஸ்தம்பட்டி. ஏற்காடு போனப்ப ஏரி பக்கத்துல ஒரு கடையில பெண்களுக்கான மூலிகைப் பொடினு 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். முதல் மாசம் ராத்திரி வேர்வை நல்லாவே குறைஞ்சுது. இப்ப மூணாவது டப்பா, படபடப்பு வருது, தூக்கமே இல்ல. டப்பாவுல தண்ணீர்விட்டான் கிழங்கு, அமுக்கரா, அதிமதுரம் 'மற்றும் பல'னு இருக்கு. தைராய்டு கம்மினு 6 வருஷமா மாத்திரை போடறேன். பொடியை தொடரலாமா?

வேணாம்மா, இன்னைக்கே நிறுத்துங்க. பொடியைச் சொல்றேன், தைராய்டு மாத்திரையை இல்ல, சிலபேர் இதை மாத்தி நிறுத்திட்டு வந்து நிப்பாங்க.

அமுக்கராங்கறது வேற எதுவும் இல்ல, ஊரெல்லாம் அஸ்வகந்தானு விக்கிறாங்களே அதுதான். அது சிலருக்கு தைராய்டு ஹார்மோனை ஏத்தி விடும். நீங்க ஏற்கனவே அந்த ஹார்மோனைத்தான் மாத்திரையா முழுங்கறீங்க, அதுக்கு மேல இதுவும் சேர்ந்தா அளவு கூடிப்போக வாய்ப்பு இருக்கு. தைராய்டு கூடிட்டா என்ன ஆகும், படபடப்பு, வேர்வை, தூக்கம் வராம புரளறது, கை நடுக்கம், சூடு தாங்காம போறது. இப்ப சொல்லுங்க, இதுல எது மெனோபாஸ் எது தைராய்டுனு நீங்க எப்படி பிரிப்பீங்க, நானே பிரிக்க மாட்டேன். அதனால தைராய்டு அளவைக் காட்டற டிஎஸ்ஹெச் ரத்த டெஸ்ட் ஒண்ணு எடுத்துட்டு, அந்த டப்பாவையும் கையோட எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போங்க. டப்பாவை பைக்குள்ள ஒளிச்சு வெச்சுக்காதீங்க, கேட்டா திட்டுவாங்கனு பாதிப்பேர் சொல்றதே இல்ல, அதுதான் பெரிய தொந்தரவு. அமுக்கரா சிலருக்கு ஈரலையும் பாதிச்சிருக்கு, கண்ணு மஞ்சளா தெரிஞ்சாலோ ஒண்ணுக்கு கடுங்காபி கலர்ல போனாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரி.

அதிமதுரம் தொண்டைக்கு ஒரு துண்டு கடிச்சுக்கிறதுல ஒண்ணும் இல்ல, ஆனா மாசக்கணக்கா ஸ்பூன் ஸ்பூனா சாப்பிட்டா பிபியை ஏத்தும், உடம்புல பொட்டாசியத்தைக் குறைக்கும். தண்ணீர்விட்டான் கிழங்கு நம்ம மலையிலயே விளையற முள்ளுக்கொடிதான், கொத்துக்கொத்தா வேர் விடும், வடக்க சதாவரினு சொல்றது இதைத்தான். தாய்ப்பாலுக்குனு ரொம்ப காலமா குடுத்துட்டு வர்றாங்க, அதை நான் குறை சொல்லல, ஆனா இந்த அனலுக்கு அது கேக்கும்னு சொல்ற ஆய்வெல்லாம் சின்னச்சின்னது, அதை நம்பி 1,200 குடுக்கற அளவுக்கு கெட்டியா இல்ல.

அப்புறம் முதல் மாசம் ஏன் குறைஞ்சுதுனு கேப்பீங்க. ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய மூளையில உடம்புச் சூட்டை பாத்துக்கற இடம் தொட்டாச்சிணுங்கி ஆயிடுது, கொஞ்சூண்டு சூடு ஏறினாலும் ஐயோ கொதிக்குதேனு ரத்தக்குழாயை விரிச்சு வேர்வையைக் கொட்ட வெக்கும். அதே மூளைதான் 'மருந்து சாப்பிடறோம்'ங்கற நம்பிக்கையையும் வெச்சிருக்கு. சும்மா மாவு மாத்திரை குடுத்த ஆய்வுகள்லயே சிலதுல பாதி வரைக்கும் இந்த அனல் குறைஞ்சிருக்கு. அதுபோக இது ஒரு மாசம் ஆடும் ஒரு மாசம் அடங்கும். குறைஞ்சது நிஜம்தான், பொய்னு சொல்லல, பொடியால குறைஞ்சுதாங்கறதுதான் கேள்வி.

இனிமே எது வாங்கினாலும் டப்பாவைத் திருப்பிப் பாருங்க. சித்த, ஆயுர்வேத மருந்துனா தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், தேதி, உள்ள என்னென்ன எவ்வளவு இருக்குங்கறது எல்லாம் இருக்கணும், உணவுப் பொருள்னு விக்கிறதா இருந்தா 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்கணும். 'மற்றும் பல'னு முடிச்சா கீழ வெச்சிடுங்க. சாம்பார்பொடியில என்ன போட்டீங்கனு கேட்டா நம்ம வீட்டுலயே வரிசையா சொல்லுவாங்க, 1,200 ரூபாய் வாங்கறவங்களுக்கு சொல்ல வலிக்குதா? பேரு பற்பம், செந்தூரம்னு முடிஞ்சா அது பெரும்பாலும் செடியே கிடையாது, சங்கு, பவளம், இரும்பு இந்த மாதிரி. சித்தாவே வேணும்னா தாராளமா போங்க, நிறைய அரசு ஆஸ்பத்திரியில சித்த மருத்துவப் பிரிவு இருக்கு, படிச்ச டாக்டர் நாடி பாத்து, நீங்க போடற மாத்திரையெல்லாம் கேட்டுட்டுக் குடுப்பாங்க. கடை கவுன்ட்டர்ல இருக்கற பையன் அதெல்லாம் கேக்க மாட்டான்.

மீல் மேக்கர், ஆளிவிதை சாப்பிட்டா சூடு குறையும்ங்கறாங்க, சோயா சாப்பிட்டா மார்பகப் புற்றுநோய் வரும்ங்கறாங்க. எதை நம்பறது? (51 வயது, சூரமங்கலம்)

ரெண்டாவதை நம்ப வேணாம். சோயாவுல ஐசோஃபிளேவோன்னு ஒண்ணு இருக்கு, பாக்க ஈஸ்ட்ரோஜன் சாயல்ல இருக்கும், அந்த பேரைக் கேட்டுட்டுதான் பயம் கிளம்புச்சு. சாப்பாடா சாப்பிடற அளவுல அதனால புற்றுநோய் வரும்னு எதுவும் தெரியவரல. ஏற்கனவே மார்பகப் புற்றுநோய் வந்து சிகிச்சை எடுத்தவங்க மட்டும், மாத்திரையா வர்ற சோயா எக்ஸ்ட்ராக்டை புற்றுநோய் டாக்டரைக் கேக்காம தொடவே கூடாது.

சூடு குறையுமான்னா, சிலருக்கு கொஞ்சம், அதுவும் ரெண்டு மூணு மாசம் விடாம சாப்பிட்ட பிறகு. ஏன் சிலருக்குனா, சோயாவுல இருக்கறதை குடல்ல உள்ள பாக்டீரியா ஈக்வால்னு ஒரு பொருளா மாத்தணும், அந்த பாக்டீரியா எல்லார் வயித்துலயும் இல்ல. ஜப்பான், கொரியா பக்கம் சுமார் பாதிப்பேருக்கு மாறுது, மேலைநாட்டுக்காரங்கள்ல அதைவிட ரொம்ப கம்மி. உங்களுக்கு எப்படினு சாப்பிட்டுப் பாத்தாத்தான் தெரியும். தைராய்டு மாத்திரை போடறவங்க மாத்திரைக்கும் சோயாவுக்கும் நல்லா இடைவெளி விடுங்க, அது மாத்திரையை உறிஞ்ச விடாது.

ஆளிவிதைக்கு ஒரு கதை இருக்கு. அமெரிக்காவுல 188 பொம்பளைங்களை வெச்சு 6 வாரம் பாத்தாங்க, பாதிப்பேருக்கு ஆளிவிதை போட்ட பார் (கடலைமிட்டாய் மாதிரி ஒரு துண்டு), பாதிப்பேருக்கு விதை போடாத பார். ரெண்டு பக்கமும் மூணுல ஒரு பங்கு பேருக்கு அனல் பாதியா குறைஞ்சுது. ரெண்டு பக்கமும்! அப்ப விதைக்கு என்ன பேரு? ஆனா மலச்சிக்கலுக்கு நல்லது, கொழுப்புக்கும் கொஞ்சம் உதவும், லீ பஜார்ல சில்லறையா வாங்கி வறுத்துப் பொடிச்சு இட்லிக்குத் தொட்டுக்கங்க, 'வுமன்ஸ் பேலன்ஸ்'னு ரோஸ் கலர் டப்பாவுல போட்டதை வாங்காதீங்க. உள்ள இருக்கறது அதே விதைதான்.

நின்னதுக்கப்புறம் நிஜமா கவலைப்பட வேண்டியது எலும்பு. ஐசிஎம்ஆர் 2020-ல சொன்ன கணக்குப்படி மாதவிடாய் நின்ன பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேணும். 100 கிராம் ராகியில சுமார் 350 இருக்கு. ராகிக் களி, எள்ளுருண்டை, தயிர், கீரை, இதையெல்லாம் பாட்டி காலத்து சாப்பாடுனு ஒதுக்கிட்டு அதையே மாத்திரையா தேடறோம். கால்சியம் மாத்திரையே போடறவங்க அதுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் 4 மணி நேரம் விடணும்.

எனக்கு 46. ரெண்டு மாசம் வராது, வந்தா 12 நாள் கொட்டுது, கட்டி கட்டியா. நிக்கிற நேரத்துல இப்படித்தான்னு மாமியார் அசோகப்பட்டை கஷாயம் வெச்சுக் குடுக்கறாங்க. நாலு மாசமா குடிக்கிறேன். (கொண்டலாம்பட்டி)

இந்தக் கடிதத்தைப் படிச்சுட்டுத்தான் இந்த வாரம் வேற விஷயம் எழுத வெச்சிருந்ததை மாத்தினேன்.

உங்க மாமியார் அக்கறையாத்தான் குடுக்கறாங்க, அசோகப்பட்டை பெரும்பாட்டுக்கு, அதாவது ரத்தம் அதிகமா போறதுக்குனு காலங்காலமா சொல்றதுதான். ஆனா முதல் கேள்வி, எந்த மரத்துப் பட்டை? நம்ம ஊர்ல காம்பவுண்டு ஓரம் நெட்டையா வளர்ற நெட்டிலிங்கத்தைத்தான் முக்காவாசிப் பேர் அசோக மரம்னு சொல்றோம், மருந்துக்கு ஆகற அசோகு வேற, ஆரஞ்சு சிவப்புல கொத்தா பூக்கும். கடையில காய்ஞ்ச பட்டையா வரும்போது நெட்டிலிங்கம் கலக்கறது பழைய கலப்படம், கண்ணால பாத்து பிரிக்கறது கஷ்டம்.

சரி, நிஜப் பட்டையாவே இருக்கட்டும். 'நிக்கிற நேரத்துல இப்படித்தான்'ங்கற வார்த்தைதான் எனக்கு பயம். நிக்கப் போறப்ப தள்ளித் தள்ளி வர்றது சகஜம். 7 நாளுக்கு மேல போறது, மணிக்கு ஒரு நாப்கின் நனையறது, பெரிய பெரிய கட்டியா விழறது, இதெல்லாம் சகஜக் கணக்குல வராது. கர்ப்பப்பையில நார்க்கட்டி இருக்கலாம், உள் சவ்வு தடிச்சிருக்கலாம், தைராய்டா இருக்கலாம், சில சமயம் புற்றுநோயோட ஆரம்பமாவும் இருக்கலாம். கஷாயம் குடிச்சு ஒரு மாசம் குறைஞ்சாலும் உள்ள இருக்கறது அப்படியேதான் இருக்கும், நாலு மாசம் போயிடுச்சு பாருங்க. நாளைக்கே ரத்தத்துல ஹீமோகுளோபினும் ஒரு ஸ்கேனும் பாருங்க, நம்ம மோகன் குமாரமங்கலம் அரசு ஆஸ்பத்திரியில மகப்பேறு பிரிவுக்குப் போனாலே போதும். மாமியாரையும் கூட்டிக்கிட்டுப் போங்க, டாக்டர் வாயால கேட்டா அவங்களுக்கும் மனசு ஆறும்.

எல்லாருக்கும் சேத்து ஒண்ணு. முழுசா 12 மாசம் வராம இருந்தாத்தான் நின்னுச்சுனு அர்த்தம். அதுக்கப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் காட்டணும், கஷாயம் வெச்சுப் பாக்கற பேச்சே கூடாது. இன்னொண்ணு, மாதவிடாய் கோளாறை சரி பண்ணும்னு மருந்துக்கு விளம்பரம் செய்யறதையே 1954-ல வந்த சட்டம் தடுக்குது. அப்படி தைரியமா போட்டு விக்கிறவன் மத்த விஷயத்துல எவ்வளவு நேர்மையா இருப்பான்னு நீங்களே பாத்துக்கங்க.

ஏற்காட்டுல காபி எஸ்டேட்ல வேலை. காபியாலதான் சூடு ஏறுதுன்னு சொல்றாங்க, நிஜமா அக்கா?

சிலருக்கு நிஜம். சூடா எது குடிச்சாலும், காரம் சாப்பிட்டாலும் கிளம்பும். ஒரு வாரம் சாயங்கால காபியை மட்டும் விட்டுட்டு, எத்தனை தடவை வந்துச்சுனு காலண்டர்ல கோடு போடுங்க, அடுத்த வாரம் குடிச்சுட்டு கோடு போடுங்க. வித்தியாசம் இல்லேன்னா நிம்மதியா குடிங்க, காபி மலையில இருந்துக்கிட்டு காபியை விடறது பெரிய பாவம்.

எழுதவே கூச்சமா இருக்கு. நின்னு மூணு வருஷம் ஆச்சு, கீழ ரொம்ப வறண்டு எரியுது, வீட்டுக்காரர்கிட்ட சொல்ல முடியல. மூலிகை வாஷ் போடலாமா?

கூச்சப்படாதீங்க, கவுன்ட்டர்ல குரலைத் தாழ்த்திக்கிட்டு இதைக் கேட்டவங்க எண்ணிக்கை எனக்கே தெரியாது. வாஷ் எதுவும் வேணாம், மூலிகையா இருந்தாலும் எரிச்சலைக் கூட்டும், வெறும் தண்ணி போதும். மலையிலருந்து வாங்கிட்டு வர்ற யூகலிப்டஸ், லெமன்கிராஸ் தைலம் எல்லாம் அந்தப் பக்கமே கொண்டு போகாதீங்க. சுத்தமான தேங்காய் எண்ணெய் நிறைய பேருக்கு ஒத்துக்குது, ஆனா ஆணுறையோட சேராது, ரப்பர் கிழிஞ்சிடும். அனலாவது நாளாக நாளாக தானா அடங்கும், இது அப்படிப் போகாது, போகப் போக கூடத்தான் செய்யும், அடிக்கடி நீர்க்கடுப்பும் வரும். டாக்டர் எழுதித் தர்ற ஈஸ்ட்ரோஜன் கிரீம் கொஞ்சூண்டு அளவுல அந்த இடத்துக்கு மட்டும் போடறது, நல்லா கேக்கும்.

மனைவிக்கு 50. ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபேனை அஞ்சுல வெக்கிறா, அரை மணியில போர்வையைப் புடுங்கிக்கறா, எது சொன்னாலும் கோவம். ஆன்லைன்ல ஒரு அமெரிக்க மூலிகை மாத்திரை மூணு மாச கோர்ஸா வருது, சர்ப்ரைஸா வாங்கித் தரலாமாங்க? (அம்மாபேட்டை வாசகர்)

தம்பி, நீங்க எழுதினதே சந்தோஷம். அந்த மாத்திரை அனேகமா பிளாக் கோஹோஷா இருக்கும், வட அமெரிக்கக் காட்டுச் செடி. நானும் ஒரு கோர்ஸ் வாங்கினவதான், ரெண்டு பாட்டில் இன்னும் அலமாரியில இருக்கு. வேலை செய்யுதுனு உறுதியா சொல்ல ஆதாரம் பத்தல, ஈரல் பாதிப்பு வந்ததா தகவலும் இருக்கு. அமெரிக்காவுலயே மெனோபாஸ் டாக்டர்கள் சங்கம் 2023-ல வெளியிட்ட அறிக்கையில பிளாக் கோஹோஷ், சோயா மாத்திரை எதையும் இந்த அனலுக்கு பரிந்துரைக்கல.

சர்ப்ரைஸ் குடுக்கணும்னா டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் குடுங்க. ஹார்மோன் மாத்திரைதான் இதுக்கு இருக்கறதுலயே நல்லா கேக்கற மருந்து, 60 வயசுக்குள்ள, நின்னு 10 வருஷத்துக்குள்ள இருக்கற ஆரோக்கியமானவங்களுக்கு டாக்டர் பாத்துக் குடுப்பாங்க. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி, பக்கவாதம், ஈரல் நோய் வந்தவங்களுக்கு ஆகாது, அவங்களுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரையும் இருக்கு. அதுவரைக்கும் ஃபேன் ரெகுலேட்டரை அவங்க கையில விட்டுடுங்க, உங்களுக்குனு தனியா ஒரு போர்வை வாங்கிக்கங்க.